மகளிர் மருத்துவரிடம் முதல் முறை போகும்போது



பெண்களுக்கான டாக்டர் என்றால் பிரசவம் பார்க்கிற டாக்டர் என்பதுதான் நம் வீடுகளில் இருந்துவரும் கணக்கு. நிகாஹ் முடிந்து, நாள் தள்ளிப்போன பிறகுதான் அந்தப் படியை மிதிக்க வேண்டும். அதற்கு முன்னால் போனால் பார்க்கிறவர்கள் நாலு விதமாகப் பேசுவார்கள், நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதுக்கும் அது போகும் என்று ஒரு பயம். இந்தப் பயத்தால், 16 வயதுப் பிள்ளை மாதாமாதம் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போக முடியாமல் சுருண்டு கிடந்தாலும், வெந்தயத்தை ஊறப்போட்டுக் கொடுத்துவிட்டு, “கல்யாணம் ஆனாச் சரியாப் போயிடும்” என்று சொல்லிவிடுகிறோம். எந்த டாக்டரும் கல்யாணத்தை மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுப்பதில்லை.

அந்த மருத்துவமனையின் பலகையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ‘மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவர்’ என்று எழுதியிருக்கும். பெயருக்குப் பின்னால் டி.ஜி.ஓ., எம்.டி. (ஓ.ஜி.), எம்.எஸ். (ஓ.ஜி.) போன்ற படிப்புகளில் ஒன்று இருக்கும். மகப்பேறு அவர்கள் வேலையில் ஒரு பாதி. வயதுக்கு வரும் பருவத்திலிருந்து மாதவிடாய் நின்று பல வருடங்கள் ஆன பின்பு வரைக்குமான பெண்ணின் மற்ற உபாதைகள் எல்லாம் இன்னொரு பாதி. அந்த இன்னொரு பாதிக்காக முதல் முறை போகிறவர்களையும், அவர்களை அழைத்துப் போகிற உம்மாமார்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

யார் போக வேண்டும்? 15 வயதாகியும் வயதுக்கு வராத பிள்ளையைக் கட்டாயம் காட்ட வேண்டும். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் மாதவிடாய் முன்பின்னாக வருவது சகஜம்தான். ஆனாலும் அடிக்கடி 45 நாளைத் தாண்டினாலோ, தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டாலோ பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. வளர்ந்த பெண்ணுக்கு 21 நாளுக்குள் திரும்பி வருவதும், 35 நாளைத் தாண்டிப் போவதும் வழக்கமாகிவிட்டால் காட்ட வேண்டியதுதான். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருப்பது, கட்டி கட்டியாகப் போவது, மாத்திரை போட்டும் அடங்காத வலி, முகத்தில் முடி வளர்வது, நாற்றமோ அரிப்போ உள்ள வெள்ளைப்படுதல், கணவரோடு சேர்ந்த பிறகு இரத்தம் படுவது ஆகிய எல்லாமே போதுமான காரணங்கள். கொஞ்சம் வேலை செய்தாலும் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, முகம் வெளுத்திருக்கிறது என்று சொல்லும் பெண்ணின் மாதாந்திர இரத்தப்போக்கை யாராவது விசாரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. அதற்கு இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக் கீரையும் மட்டும் போதாது, இரத்தம் ஏன் அவ்வளவு போகிறது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும்.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கணக்கு

உள்ளே போய் உட்கார்ந்ததும் டாக்டர் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “கடைசியா எப்ப மாதவிடாய் வந்தது?” பல பெண்கள் இந்த இடத்தில் திணறிப்போய் உம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். உண்மையில் இந்த விஷயத்தில் நம் பெண்கள் மற்றவர்களைவிட முன்னால் இருக்க வேண்டியவர்கள். எப்போது தொழுகை இல்லை, எப்போது இரத்தம் நின்றது, எப்போது குளித்துத் தொழுகையைத் தொடங்கினோம், ரமளானில் எத்தனை நோன்பு கழா என்பதெல்லாம் மார்க்கக் கடமைக்காக நாம் கவனித்து வைத்திருக்கும் விவரங்கள். டாக்டருக்குத் தேவையான விவரமும் ஏறக்குறைய அதேதான். அதில் மூன்று திருத்தங்கள் செய்துகொண்டால் போதும்.

முதலாவது, டாக்டர் கேட்பது இரத்தம் தொடங்கிய நாளை. நாம் மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் குளித்த நாளை. “போன வெள்ளிக்கிழமை குளிச்சேன்” என்று சொன்னால் ஆறு ஏழு நாள் கணக்கு மாறிவிடும். கர்ப்பமாக இருந்தால் பிரசவத் தேதியே தப்பாகிவிடும், ஏனென்றால் அந்தத் தேதியைத் தொடங்கிய நாளிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். இரண்டாவது, பிறைக் கணக்கில் நினைவு வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே காலண்டரைப் பார்த்து ஆங்கிலத் தேதியாக மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். “ஷஃபான் பிறை 10” என்று சொன்னால் எல்லா டாக்டருக்கும் விளங்காது, அந்த நெருக்கடியில் நமக்கும் கணக்குப் போட வராது. மூன்றாவது, நாள் எண்ணிக்கையோடு அளவையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். முதல் நாள் எத்தனை நாப்கின், மூன்றாம் நாள் எத்தனை, எந்த நாளில் வலி, எத்தனை மாத்திரை போட்டது, எந்த நாளில் வெறும் கறை என்பன. கடைசி மூன்று மாதத்துக்கு இப்படி ஒரு தாளில் இருந்தால், பத்து நிமிடம் பேசிப் புரியவைக்க வேண்டியதை டாக்டர் அரை நிமிடத்தில் பார்த்துவிடுவார். மூன்று மாதமாக எழுதவில்லை என்றால் அதற்காகப் பயணத்தைத் தள்ளிப் போட வேண்டாம். கழா நோன்பின் எண்ணிக்கையே ஓர் ஆதாரம்தான். போன வருட ரமளானில் 6 நோன்பும் இந்த வருடம் 11 நோன்பும் விட்டுப்போயிருந்தால், அதைச் சொல்லுங்கள். அதில் ஒரு சேதி இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹைளின் அதிகபட்ச அளவு ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாள், ஹனஃபி மத்ஹபில் 10 நாள் என்று மதரஸாவிலேயே படித்திருக்கிறோம். அதனால் 13 நாள் இரத்தம் போனாலும், “15 நாள் வரைக்கும் ஹைள்தானே, அப்ப நோய் இல்லை” என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எல்லை, எந்த நாட்களில் தொழுகை இல்லை, எந்த நாளிலிருந்து தொழ வேண்டும் என்ற சட்டத்துக்கானது. உடம்பு நலமாக இருக்கிறதா என்று அளக்க அது வைக்கப்படவில்லை. ஒவ்வொரு மாதமும் ஏழெட்டு நாளைத் தாண்டி இரத்தம் போனால் மருத்துவக் கணக்கில் அது அதிகம்தான். ஷாஃபிஈ சட்டப்படி 12-ஆம் நாளும் ஹைளாகவே இருக்கலாம், அதே 12-ஆம் நாள் டாக்டரிடம் காட்ட வேண்டிய நாளாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

தொடர் இரத்தப்போக்கால் அவதிப்பட்ட ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தம் நிலையை நபி (ஸல்) அவர்களிடமே நேரில் வந்து கேட்டார்கள். அது மாதவிடாய் அல்ல, நரம்பிலிருந்து வரும் இரத்தம் என்று அவர்களுக்கு விளக்கம் கிடைத்தது. இஸ்திஹாளா பற்றிய சட்டங்களை இன்று நாம் அறிந்திருப்பதில், அந்தப் பெண்மணி கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடாததற்கும் பங்கு உண்டு. வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று சொல்லித்தான் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். நோயை மறைப்பதற்கு அந்தச் சொல்லைத் துணைக்கு அழைப்பது சரியில்லை.

கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும்

எடை, பிரஷர் பார்ப்பது எல்லாம் நர்ஸ் முடித்துவிடுவார். டாக்டரின் கேள்விகளில் சில முதல் முறை போகிறவருக்குச் சங்கடமாக இருக்கும். கல்யாணம் ஆகிவிட்டதா, சொந்தத்திலா அந்நியத்திலா, எத்தனை பிரசவம், சுகப்பிரசவமா ஆபரேஷனா, கரு கலைந்திருக்கிறதா, கருத்தடைக்கு என்ன செய்கிறீர்கள், சேர்ந்திருக்கும்போது வலி இருக்கிறதா, கடைசியாகச் சேர்ந்தது எப்போது என்றெல்லாம் வரும். வம்புக்குக் கேட்பதில்லை. எந்தப் பரிசோதனையைச் செய்யலாம், எந்த மாத்திரையைத் தரலாம் என்பது இந்தப் பதில்களைப் பொறுத்தது. கரு கலைந்ததை மாமியாருக்குத் தெரியாமல் வைத்திருப்பவர்கள் டாக்டரிடமும் மறைத்துவிடுகிறார்கள். அதனால் அடுத்த கர்ப்பத்துக்குத் தேவையான கவனிப்பு கிடைக்காமல் போகிறது.

கூடவே வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துணைக்கு ஒருவர் போதும். பெரியம்மா, சாச்சி, மாமி என்று மூன்று பேர் உள்ளே நுழைந்து, பிள்ளையிடம் கேட்ட கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்வது நடக்கிற காரியம்தான். வியாதி யாருடையதோ அவர் வாயால் சொல்லட்டும். “உம்மா கொஞ்ச நேரம் வெளியே இருங்க” என்று டாக்டர் சொன்னால் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இளம் பெண்களிடம் தனியாகப் பேசுவது நல்ல டாக்டரின் வழக்கம். அங்கே சொல்லப்படுவதை அவர் வெளியே சொல்ல மாட்டார். 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்திருந்தால் மட்டும் போலீஸுக்குத் தெரிவிக்கும் கடமை சட்டப்படி அவருக்கு உண்டு. அது பிள்ளையின் பாதுகாப்புக்காக ஏற்பட்ட சட்டம். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு, தன்னைப் பரிசோதிக்க அனுமதி தருவதும் மறுப்பதும் அவளுடைய உரிமை. கணவரோ மாமியாரோ அவளுக்காகத் தலையாட்ட முடியாது.

எடுத்துப் போக வேண்டியவற்றை முந்தின இரவே ஒரு பையில் போட்டுவையுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட், இரத்தப் பரிசோதனைத் தாள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை. தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை, நாட்டு மருந்து, யூனானி லேகியம், பக்கத்து வீட்டு லாத்தா சொன்ன சூரணம் எல்லாமே இதில் அடங்கும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும், உம்மா வழியிலோ வாப்பா வழியிலோ சுகர், தைராய்டு, மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் யாருக்காவது இருந்ததா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்க நினைத்திருக்கும் கேள்விகளையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும்.

பரிசோதனையும் பர்தாவும்

முதல் முறை போகிறவர்களின் பெரிய அச்சம் இதுதான். அதனால் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். மணமாகாத பிள்ளைக்குப் பொதுவாக உள் பரிசோதனை செய்வதில்லை. டாக்டர் அடிவயிற்றின் மேலே கை வைத்து அழுத்திப் பார்ப்பார். ஸ்கேனும் வயிற்றின் மேலே ஒரு பசையைத் தடவித்தான் எடுப்பார்கள். “டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும்” என்ற பயத்துக்கு இடமில்லை. சீட்டு எழுதும் இடத்திலேயே மணமாகாதவர் என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

மணமானவர்களுக்குத் தேவைப்பட்டால் உள் பரிசோதனை உண்டு. படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, மேலே துணி போர்த்தி, சிறிய கருவி ஒன்றால் கர்ப்பப்பையின் வாயைப் பார்ப்பார்கள். பிறகு கையுறை போட்ட விரலால் உள்ளே கட்டி, வலி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு மூன்று நிமிட வேலை. உடம்பை இறுக்கிக்கொண்டால் வலிக்கும், வாயால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு தளர்த்தினால் அசௌகரியம் குறையும். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். டாக்டரம்மா ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். 30 வயதைத் தாண்டிய மணமான பெண்கள், உபாதை ஒன்றும் இல்லாவிட்டாலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையைச் செய்துகொள்வது அவசியம். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். அந்தப் பரிசோதனைக்கு மட்டும் மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும், முந்தின இரண்டு நாள் தாம்பத்தியமும் உள்ளே வைக்கும் மாத்திரையும் கூடாது. ஆனால் போவதே அதிக இரத்தப்போக்குக்காக என்றால், இரத்தம் நிற்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உடை விஷயம் சின்னதாகத் தோன்றும், நேரில்தான் அதன் அருமை தெரியும். புர்காவுக்குள் ஒரே நீள உடையாகப் போட்டுப் போனால், அடிவயிற்றைப் பார்ப்பதற்கு முழுவதையும் தூக்க வேண்டியிருக்கும். மேலே தளர்வான டாப்ஸ், கீழே எளிதில் இறக்கக்கூடிய சல்வார் அல்லது பாவாடை என்று தனித்தனியாக இருந்தால், தேவையான இடத்தை மட்டும் விலக்கிக் காட்டலாம். ஹிஜாபைக் கழற்ற அவசியமே இல்லை. போர்த்திக்கொள்ள ஒரு துப்பட்டியைக் கையோடு கொண்டுபோனால் மனதுக்குத் தெம்பாக இருக்கும். வீட்டில் சாதாரணமாகக் கழுவிக்கொண்டு போனால் போதும். டெட்டால், வாசனை சோப்பு இவற்றால் உள்ளே கழுவக் கூடாது. அது புண்ணாக்கும், பரிசோதனையில் தெரிய வேண்டியதையும் மறைத்துவிடும்.

பெண் மருத்துவர் கிடைக்கும்போது அவரிடமே போக வேண்டும். கிடைக்காதபோது அவசியத்துக்கு ஆண் மருத்துவரிடம், தேவையான இடத்தை மட்டும், இன்னொரு பெண் அல்லது மஹ்ரம் உடனிருக்கக் காட்டிக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது. மகளிர் மருத்துவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். ஆனால் ஸ்கேன் எடுப்பவர் ஆணாக இருக்கலாம். போன் செய்து டோக்கன் போடும்போதே, “ஸ்கேன் எடுக்கிறது லேடி டாக்டரா, எந்தக் கிழமை இருப்பாங்க?” என்று கேட்டுக்கொண்டால் அங்கே போய்த் தர்க்கம் செய்ய வேண்டியதில்லை.

இந்தக் கவலை நம் காலத்தில் புதிதாக வந்ததும் அல்ல. திருவல்லிக்கேணியில் இன்றைக்கும் பலரும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று சொல்கிற கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, 1885-இல் மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவரின் முயற்சியால் தொடங்கப்பட்டது. ஆண் டாக்டரிடம் காட்ட மனம் ஒப்பாமல் நோயோடு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட பெண்களுக்காக ஏற்பட்டது அது, கோஷா என்ற சொல்லே பர்தாவைத்தான் குறிக்கிறது. பெண்கள் பர்தாவை விட்டுவிட்டு வரட்டும் என்று அன்று காத்திருக்கவில்லை, பர்தாவோடு வரக்கூடிய இடத்தைக் கட்டினார்கள். இன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் பெண் மருத்துவர்கள் இருக்கும்போது நாம் தயங்குவதுதான் வேடிக்கை.

வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன்பே நாலைந்து தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும். மணமானவர்களுக்கு உள்ளே வைத்து எடுக்கும் ஸ்கேன் என்றால் நேர்மாறாக, கழித்துவிட்டு வர வேண்டும். எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ரமளானில் இந்தத் தண்ணீர் விஷயம் இடிக்கும். அவசரமில்லாத ஸ்கேனையும் உள் பரிசோதனையையும் நோன்பு திறந்த பிறகு மாலை நேரத்தில் வைத்துக்கொள்வதோ, பெருநாள் கழித்துப் போவதோ நல்லது. உள் பரிசோதனையால் நோன்பு முறியுமா என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு இருக்கிறது, உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனைக்காக ஊசி குத்தி இரத்தம் எடுப்பது நோன்பை முறிக்காது என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து. அதிக இரத்தப்போக்கு, கடும் வயிற்றுவலி, கர்ப்பிணிக்கு இரத்தம் படுவது இவையெல்லாம் பெருநாள் வரை காத்திருக்கிற விஷயங்கள் அல்ல.

உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகிற பல பெண்களுக்கு, மகளிர் மருத்துவரை முதல் முறை பார்க்கும் சந்தர்ப்பமே மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரைக்காகத்தான் வரும். தவாஃப் தடைபட்டுவிடக் கூடாதே என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்த மாத்திரையை மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவது நியாயமில்லை. காலில் இரத்தம் உறைந்த வரலாறு, ஒற்றைத் தலைவலி, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தாக முடியலாம். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது போய், மூன்று மாதத் தேதிகளைக் காட்டிக் கேளுங்கள். எந்த நாளில் தொடங்க வேண்டும் என்பது உங்கள் தேதியைப் பொறுத்தது. கடைசி நேரத்தில் தொடங்கினால் மாத்திரை வேலை செய்யாமலும் போகும்.

“மூன்று வருடமாகக் குழந்தை இல்லை”

டாக்டரிடம் முதல் முறை போகிற இளம் மனைவியரில் பலர் இந்த வாக்கியத்தோடுதான் அனுப்பப்படுகிறார்கள். மாமியார் சொல்லி, அக்கம்பக்கம் கேட்டு, கடைசியில் அவளே அதை நம்பத் தொடங்கியிருப்பாள். நம் ஊர்களில் இந்தக் கணக்கை எப்படிப் போட வேண்டும் தெரியுமா? மாப்பிள்ளை நிகாஹுக்கு 45 நாள் லீவில் வந்தார். திரும்பிப் போய் இரண்டு வருடம் கழித்து இரண்டு மாதம் வந்தார். மூன்று வருடத்தில் இருவரும் சேர்ந்திருந்தது மூன்றரை மாதம். மருத்துவத்தில், எந்தத் தடுப்பும் இல்லாமல் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால்தான் பரிசோதனை தேவை என்கிறார்கள், மனைவிக்கு 35 வயதைத் தாண்டிவிட்டால் ஆறு மாதம். அவள் டாக்டரிடம் சொல்ல வேண்டியது கல்யாணமான வருடத்தை மட்டுமல்ல, சேர்ந்திருந்த மாதங்களின் கணக்கையும். அது சொல்லப்படாததால் தேவையில்லாத ஊசியும் மாத்திரையும் ஸ்கேனுமாக ஆயிரக்கணக்கில் செலவாகிவிடுகிறது.

சேர்ந்து வாழ்ந்தும் தங்கவில்லை என்றால், பரிசோதனை இருவருக்கும். கணவரின் விந்துப் பரிசோதனை வலியில்லாதது, செலவு குறைந்தது, முதலிலேயே செய்துவிட வேண்டியது. குறை ஆண் பக்கமும் இருக்கலாம், இரண்டு பக்கமும் இருக்கலாம், சில சமயம் எந்தப் பக்கத்திலும் தென்படாமலும் போகலாம். இவள் மூன்று டாக்டரைப் பார்த்து, குழாய்க்குச் சாயம் செலுத்திப் படம் எடுத்து எல்லாம் முடிந்த பிறகும், மாப்பிள்ளையின் ஒரு பரிசோதனை மட்டும் ‘அடுத்த லீவுக்கு’ என்று தள்ளிக்கொண்டே போகிறது. வளைகுடாவில் இருப்பவர் அங்கேயே செய்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அந்தத் தாள் இல்லாமல் மருமகளை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அலைய விடுவது அநியாயம் என்பதை மாமியார்மார்கள் மனதில் வைக்க வேண்டும். லீவில் வருகிறார் என்றால், வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே இருவரும் சேர்ந்து போகும்படி டோக்கன் போட்டுவைப்பது நல்லது.

வயதான உம்மாமார்கள் பக்கமும் ஒரு பார்வை தேவை. மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்ட பெண்ணுக்கு மறுபடி இரத்தம் பட்டால், அவர் முதலில் கேட்பது, “தொழலாமா, கூடாதா?” என்று ஆலிமாவிடம். கேட்பது சரியே. அந்தக் கேள்வியோடு நின்றுவிடுவதுதான் தப்பு. நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும், ஒரே ஒரு நாள் பட்டாலும் மகளிர் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும், சில சமயம் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் குணமாக்க வழி இருக்கிறது. 60 வயதில் முதன்முறையாக அந்தப் படியேறுகிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். தொழுகைச் சட்டம் சொல்லும் ஆலிமாக்களும், “அப்படியே டாக்டரிடமும் காட்டிவிடுங்க உம்மா” என்று சேர்த்துச் சொன்னால் பல உயிர்களுக்கு நன்மை.

செலவைப் பற்றிக் கேட்கிறார்கள். அரசு மருத்துவமனைகளின் மகளிர் நோய்ப் பிரிவில் ஆலோசனை, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் இலவசம். காலையிலேயே போய் வெளிநோயாளிச் சீட்டு வாங்க வேண்டும், கூட்டம் இருக்கும், அரை நாள் ஆகும் என்று எண்ணியே போங்கள். ஆபரேஷன் தேவை என்று சொன்னால், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். போவதா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

எழுந்து வரும் முன், என்ன நோய் என்று நினைக்கிறார், இந்த மாத்திரை எத்தனை நாள், அடுத்து எப்போது வர வேண்டும் என்பதைக் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லப்பட்டால், உடனே உயிருக்கு ஆபத்து என்ற நிலை இல்லாதவரை இன்னொரு மகளிர் மருத்துவரிடமும் ரிப்போர்ட்டுகளைக் காட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நம் டிரஸ்டிடம் சிகிச்சைக்கு உதவி கேட்டு வருகிறவர்களும் ரிப்போர்ட்டின் நகலையும் அந்தத் தாளையும் சேர்த்தே கொண்டு வாருங்கள். பெண்களின் மருத்துவ விவரங்களை நம் பெண் ஊழியர்கள் மட்டுமே வாங்கிப் பார்க்கிறார்கள்.